அடிக்கு ஒரு படி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் லேத் ஓட்டிய கம்பெனியைப் பூட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. கேட்டுக்கு வெளியே கோஷம் போட்டுத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். வயது நாற்பத்திரண்டு. கடைசியில் கரையான்சாவடி ரோட்டோரம் மூங்கில் ஏணி செய்யும் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் போய் நின்றேன். இருவரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். அவன் அதிகம் பேசமாட்டான். கற்றுக்கொடுத்ததும் திட்டியதும் அவள்தான்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் டர்னராக இருந்துவிட்டு, தெருவில் குந்தி மூங்கில் பிளக்கிறேன் என்று மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. பூந்தமல்லியில் சின்ன லேத் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது என்றேன். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள். தினமும் காலையில் காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகக் கோவில்பதாகையிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குத் தூக்கம் ஏது? மூங்கிலைவிட இந்தப் பொய்தான் என்னை அதிகம் களைக்க வைத்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால் கையை நீட்டச் சொல்வாள். லேத்தில் தெறிக்கும் இரும்புத் துணுக்குகளை ஊசியால் எடுப்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் வழக்கம். இப்போதும் எடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து முதல் ஏணியைத் தனியாகச் செய்ய விட்டார்கள். அவர்கள் ஏணியில் படிகள் ஏறுக்குமாறாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, அடிக்கு ஒரு படி என்று துளை போட்டேன். நிமிர்த்தி வைத்தபோது அழகாகத்தான் இருந்தது.

ஏணிக்காரி சுற்றி வந்து பார்த்தாள். “இன்னா அண்ணாத்தே, கணுவப் பாத்துத் தொளை போட மாட்டியா? ரெண்டு கணுவுக்கு நடுவுல போட்டா பொளந்துக்கும்.”

“அளவு சரியாத்தானேம்மா இருக்கு?”

“அளவு சரியாதான் கீது. ஏறு.”

செய்தவன்தான் முதலில் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனைக்குச் சாத்தி வைப்பார்கள். ஏறினேன். ஐந்தாவது படியில் கால் வைத்ததும் மூங்கில் துளையோடு நீளமாகப் பிளந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடியே சறுக்கி விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி. அவள் சிரிக்கவில்லை. புருஷனிடம் சொல்லி டீ வாங்கிவரச் செய்தாள். அது இன்னும் அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, “பட்டறையில வழுக்கிட்டேன்” என்றேன். மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் என் உள்ளங்கையை விரித்தாள். கை முழுக்கச் சிராய். ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். ஒரு கை முடியப்போகும்போது நிமிராமலே சொன்னாள்.

“இரும்புன்னா கறுப்பா இருக்கும். பதினஞ்சு வருஷமா எடுக்கறேன், எனக்குத் தெரியாதா? இது மூங்கில். மொத நாளே தெரியும்.”

“அப்புறம் ஏன் கோயில்ல எல்லார்கிட்டயும் லேத் பட்டறைன்னு சொன்னே?”

“நீங்கதானே அப்படிச் சொன்னீங்க.”

அழுதுவிட்டேன். அவள் ஊசியைத் தீயில் காட்டித் துடைத்துவிட்டு, “அந்தக் கையை நீட்டுங்க” என்றாள்.