காய்ச்சல் வந்தால்தான் கொய்யாவா?

குழந்தைகளுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று சொல்வதுதான் என் வேலை. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள், வீட்டுக்குப் போனால் பழைய கதைதான். பிள்ளையின் வாயைத் திறக்கவைக்கப் படாதபாடு படுகிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கையை ஒளித்த யாழினி

காட்டூரிலிருந்து கலைவாணி தன் மகள் யாழினியை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பெண். முகமெல்லாம் வெளுத்து, ஸ்கூலில் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாளாம். ரத்தம் குறைச்சல் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டு விஷயம் பேச என்னிடம் அனுப்பியிருந்தார்.

நான் ஆசையாக ஒரு கொய்யாவை நீட்டினேன். பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. கலைவாணிதான் விளக்கினார். அவர்கள் வீட்டில் யாராவது படுத்தால்தான் பழம் வரும். யாழினி காய்ச்சலில் கிடந்து ஊசி மேல் ஊசி போட்டபோது, பார்க்க வந்தவர்களெல்லாம் சாத்துக்குடியும் ஆப்பிளுமாகக் கொண்டுவந்து குவித்தார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் யாழினி கேட்டாள்: "மறுபடியும் ஊசியாம்மா?"

அப்பா வந்தார்

அடுத்த முறை அப்பாவும் வந்தார். கைலாசபுரத்தில் ஃபிட்டர். கொய்யா சளி பிடிக்கும், பப்பாளி சூடு, திராட்சை இருமல் என்று அடுக்கினார். நீங்கள் வாங்கிக் கொடுக்கிற ஐஸ்கிரீம் மட்டும் சளி பிடிக்காதா என்று கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கீரையிலும் பேரீச்சையிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வேண்டுமானால் கூடவே கொய்யா, நெல்லி, சாத்துக்குடி என்று ஏதாவது வேண்டும். வாழைப்பழம் ஓடியாடத் தெம்பு தரும். பப்பாளி கண்ணுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐஸ்கிரீமை அவளே கேக்குறா மேடம். பழத்தைப் பாத்தா அழுவுறாளே, நான் என்ன பண்ணட்டும்?"

வடிகட்டி

நியாயமான கேள்விதான். பழம் நல்லா இருக்கிறவர்களுக்குத்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றேன். அவளிடம் நீட்டவே நீட்டாதீர்கள், நீங்கள் இரண்டு பேரும் அவள் எதிரில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுங்கள் என்று அனுப்பினேன். கொஞ்ச நாளில் தட்டுக்கு மூன்றாவது கை வந்துவிட்டது.

அந்த சந்தோஷத்தில் கலைவாணி சாத்துக்குடியைப் பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நார்ச்சத்தெல்லாம் சக்கையோடு போச்சே, சுளையாகவே கொடுங்கள் என்று போனில் கத்தினேன். கலைவாணி கேட்டார்: "அப்ப பாதிச் சத்து எங்க வீட்டுக் குப்பைத்தொட்டிக்குத்தான் போச்சா?"

எனக்குக் காய்ச்சல்

போன மாதம் நானே காய்ச்சலில் படுத்தேன். அம்மாவும் மகளும் ஒரு பை கொய்யாவோடு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். மாடிப்படியில் தடதடவென்று முதலில் ஏறி வந்தது யாழினி. மூச்சு வாங்கியது அம்மாவுக்குத்தான். ரத்தம் ஏறிவிட்டது, இனிமேல் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலைவாணி ஒரு பழத்தை நறுக்கித் தட்டை என் பக்கம் நீட்டினார். யாழினி குறுக்கே கையை விட்டுப் பாதியை அள்ளிக்கொண்டாள். "காய்ச்சல்காரங்களுக்குப் பாதி போதும் ஆன்ட்டி. மீதி நல்லா இருக்கறவங்களுக்கு."

இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை மறக்காமல் எனக்கே திருப்பிச் சொல்லி, என் பழத்தையும் பிடுங்கித் தின்ற ஒரே ஆள் அவள்தான் என்பதால், இந்த வேலையில் இன்னும் கொஞ்ச காலம் கத்தலாம் என்றிருக்கிறேன்.