காபி பூத்த வாரம் கடை இல்லை

ஒரகடத்தில் கம்பெனி கேட் ஓரம் காபிக்கடை போட்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்: ஷிஃப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்குக் காபியோடு கொஞ்சம் வம்பும் வேண்டும்.

எங்கள் வீட்டுத் தூள்

என் கடைக்குத் தூள் தாண்டிக்குடி மலையில் இருந்து வருகிறது. அப்பாவின் காபித் தோட்டத்தைத் தம்பி பார்க்கிறான். தோட்டத்துக்கு மேலே இருக்கும் சோலைக்காடு என் பங்கு. அதில் ஒரு பைசா வருமானம் கிடையாது.

மரவியாபாரி வந்திருப்பதாகத் தம்பி போன் செய்தான். வெட்டிவிட்டு அங்கேயும் காபி வைக்கலாமாம். கம்பெனியில் லைனில் நிற்கும் என் மகனுக்கு, அந்தப் பணத்தில் வாலாஜாபாத்தில் மனை வாங்க ஆசை. ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மகன் சொன்னான்: "சும்மா ஐடிலா கெடக்குற எடத்துக்கு இன்னாம்மா ஜெபம்?"

தங்க இடம்

கடைக்குத் தினமும் வரும் சேரப்பணஞ்சேரி குமார் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். கோடை மழை விழுந்து பத்து நாளில் காபிச்செடி மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும், சில நாள்தான். அப்போது சோலையில் இருந்து தேனீ இறங்கி வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். சோலையை ஒட்டிய செடிகள்தான் எப்போதும் அதிகம் காய்க்கும். மரம் போனால் அதுகள் எங்கே குடியிருக்கும்?

ஹாஸ்டல் ரூமில் ஆறு பேரோடு படுக்கிற தென்காசிப் பையன் ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னான்: "நாலு நாள் வேலைக்கு வருசம் பூரா தங்க எடமா? எங்க காண்ட்ராக்டர்ட்ட கொஞ்சம் சொல்லுங்கக்கா!"

கடை இல்லை

மழை பெய்து பூ விரிந்த சேதி வந்ததும் கடையை மூடினேன். மகனை லீவு போட வைத்து அழைத்துப் போனேன். தோட்டத்தின் மேல்பக்கம் நின்றால் ரீங்காரத்தில் பேச்சே கேட்கவில்லை. கீழ்ப்பக்கத் தோட்டக்காரர் போன வருஷமே தன் மரங்களை வெட்டிவிட்டார். அந்த ஓரத்திலும் அதே பூதான். தேனீ மட்டும் அங்கொன்று இங்கொன்று. மகன் மேலும் கீழுமாக நடந்து பார்த்தான்.

தம்பி மரம் விற்கும் பத்திரத்தோடு நின்றான். "பூச்சி எங்கயிருந்தாச்சும் வரும்க்கா. கையெழுத்துப் போடு."

"கோவிச்சுக்காதே தம்பி. நான் இருக்கிற வரைக்கும் அந்த மரம் நிக்கும். போட மாட்டேன்."

அவன் என் மகனைப் பார்த்தான், அவனாவது எனக்குப் புத்தி சொல்வான் என்று. மனை ஆசை முகத்தில் அப்படியே இருக்க, மகன் சொன்னான்: "மாமா, மேல ஃபுல் ஷிஃப்ட் ஓடுது; கீழ ஆளே வரல."

இத்தனை வருஷம் காபி விற்றதில் நான் உருப்படியாகச் செய்த வேலை, ஒரு கையெழுத்தைப் போடாமல் இருந்ததுதான்.