பட்டியலில் முதலாவதாக நின்ற அத்தை

நான் ஒரு நாள் இல்லாவிட்டால் என் மருமகளின் அலுவலகத்தில் ஒரு தாள்கூட வெளியே வராது. கொஞ்சம் மிகைதான். அங்கே ஓடுவது நானல்ல, என் பெயரைச் சுமக்கும் கலர் பிரிண்டர்.

அந்த அலுவலகத்துப் பிரிண்டர்கள் அத்தனையும் மருமகளின் பொறுப்பு. எண் போட்டு வைத்தால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. மேல்மாடியில் எடுக்க வேண்டியதைக் கீழே தேடுவார்கள். அதனால் உறவுமுறையில் பெயர் வைத்தாள். கிழடு தட்டியது தாத்தா, வாசலருகே இருப்பது மாமா, கணக்குப் பிரிவில் சித்தி. செலவு வைப்பதும் சத்தம் போடுவதும் அத்தை. வீட்டில் என்னையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். தற்செயல் என்கிறாள், நானும் நம்பியதுபோல் இருக்கிறேன்.

பெயர் வைத்த பிறகுதான் தலைவலி. கலர் மை வாங்கி மாளவில்லை. "இந்த மாசமும் செலவு குறையலன்னா பிரிண்டர் வேலைய வெளியாளுங்ககிட்ட குடுத்துடுவேன்," என்றார் மேலாளர். அப்படிக் கொடுத்தால் இவளுக்கு அங்கே நாற்காலி இல்லை.

மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். "நான் கலரே தொடலம்மா, கறுப்புலதான் அடிக்கிறேன்," என்று எல்லோரும் ஒரே பாட்டு. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள்.

"வாய் கூசாம பொய் சொல்றாங்க அத்தை."

"எந்த அத்தைகிட்ட சொல்ற?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள், 'கலரில் அடிக்காதீர்கள்' என்று கறுப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல் அங்கேதான் வரும் என்று மாமாவிடம் போய் நின்றாள். மாமா வாயே திறக்கவில்லை. தாள் அத்தையிடம் கிடந்தது.

விஷயம் இவ்வளவுதான். எந்தப் பிரிண்டர் என்று சொல்லாவிட்டால், புதிதாக வந்த கணினிகள் பட்டியலின் முதல் பெயருக்கே அனுப்பிவிடும். பட்டியலோ அகர வரிசை. அத்தைக்கு முன்னால் யார் நிற்பது? அதுவும் அந்த அத்தை கறுப்பு எழுத்துக்கே எல்லா நிறத்தையும் கலந்து குடிக்கிற ரகம். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

'வெளியூர் அத்தை' என்று பெயரை மாற்றினாள். அத்தை கடைசி வரிக்குப் போனாள், மைச் செலவும் இறங்கியது. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, கைகூப்பி, அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதுவரை என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்த மருமகள் சொல்கிறாள்: "அவரு எங்க மன்னிப்பு கேட்டாரு, அத்தை? 'அப்போ இத்தன நாளா மை போனது உன்னாலதானா'ன்னாரு. வெளியாளுங்கள இப்போதைக்கு வேணாம்னதே பெருசு. அதுவும் அடுத்த மாசம் பாத்துட்டுதான் முடிவாம். அதையும் சேத்து எழுதுங்க."