எலிக்குத்தான், ஆன்ட்டி

தமிழ்நிலா டாக்டர்தான். ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். என்ன, அவள் கத்திக்குப் படுத்தவர்கள் எல்லோருக்கும் வால் உண்டு.

புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பழுப்பு எலியின் வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாயில் ஒரு துண்டை வெட்டி, வெள்ளை எலிக்கு வைத்துத் தைப்பாள். நூல் தலைமுடியை விட மெல்லிசு, நுண்ணோக்கி வழியே பார்த்துத்தான் தைக்க முடியும். வெள்ளை எலியின் உடம்பு அந்தத் துண்டை அந்நியன் என்று கண்டுகொண்டு சண்டைக்குப் போகும். சில வாரங்களில் குழாயின் சுவர் தடித்து வழி குறுகிவிடும். உறுப்பு மாற்றிக்கொண்ட மனிதர்களுக்கும் காலப்போக்கில் இப்படி ஆவதுண்டு. அதைத் தடுக்க வழி தேடும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

இதையெல்லாம் அம்மா செந்தாமரைக்குப் பொறுமையாக விளக்கியிருந்தாள். செந்தாமரை எலியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை நெய்வேலி குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னாள். குடும்பம் முன்பு கம்மாபுரம் பக்கம் கூலி வேலை பார்த்தது. அப்பா சுரங்கத்தில் பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவர். "எம் பொண்ணு ரத்தக்குழாய மாத்தி மாத்தி தச்சிகினு இருக்கா" என்று சொல்லும் சுகத்தில் எலிக்கு இடமில்லை.

ஆரம்பத்தில் தமிழ்நிலா எல்லோரிடமும் திருத்திச் சொன்னாள். பிறகு விட்டுவிட்டாள். லீவுக்கு வந்தால், நின்றே ஷிப்ட் பார்த்த ஆண்கள் வீட்டு கேட் அருகே லுங்கியைத் தூக்கி, காலில் புடைத்துச் சுருண்ட நரம்புகளைக் காட்டுவார்கள். அவள் புருவத்தைச் சுருக்கி, குனிந்து பார்த்து, "ஆஸ்பத்திரில காட்டிடுங்க" என்பாள். அதைச் சொல்லப் படிப்பே தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் புருவத்தைச் சுருக்குவது பிடித்திருந்தது.

அப்படி லீவுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு ஜெயராமன் வேலியோரம் வந்து கூப்பிட்டார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர், குரல் உயர்த்தாதவர். அன்று குரல் உடைந்திருந்தது. மனைவி கமலாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அதற்காகக் கையில் பதித்திருந்த செயற்கைக் குழாயில், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் வருகிறதாம்.

ஓடும்போது தமிழ்நிலாவின் மனதில் வந்த முதல் நினைப்பு, நுண்ணோக்கி இல்லையே என்பது. அதை நினைத்து அவள் பிறகு பல தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

கமலா நாற்காலியில் இருந்தார். கையைச் சுற்றித் துண்டு, துண்டின் மேல் இன்னொரு துண்டு, எல்லாம் நனைந்திருந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, தமிழ்நிலா துண்டுகளை உருவிப் போட்டாள். கசியும் புள்ளியைக் கண்டுபிடித்து, மடித்த சுத்தத் துணியை வைத்து இரண்டு விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தாள். தையல் கசிந்தால் எலிக்கும் இதுதான். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு காத்திருப்பது. இத்தனை வருஷப் படிப்பில் அந்த நேரத்துக்கு உதவியது இந்த ஒன்றுதான். ரத்தம் நின்றது. விரலை அவள் எடுக்கவில்லை.

கமலா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் எத்தன பேருக்கு இப்படிப் பண்ணிருக்க?"

பொய் சொல்ல வாய் திறந்தாள். வரவில்லை.

"எலிக்குத்தான், ஆன்ட்டி."

"பொழச்சுதா?"

"மொதல்ல பண்ணதெல்லாம் செத்துடுச்சி. இப்பப் பண்றதெல்லாம் பொழைக்குது."

கமலா சத்தமில்லாமல் சிரித்தார். வயிறு குலுங்கியது. "சரி, விரல எடுத்துராத" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் செந்தாமரை இரண்டு நாள் மகளிடம் சரியாகப் பேசவில்லை. உயிரைக் காப்பாற்றினாள், சரி. எலியை எதற்கு இழுத்தாளாம்?

புதுச்சேரிக்குக் கிளம்பும் முன் தமிழ்நிலா கமலாவைப் பார்க்கப் போனாள். பிழைத்த எலிகளைப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கமலா கேட்டார்.

குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்குக் கொன்றுதான் ஆக வேண்டும், வலிக்காமல் செய்வோம் என்றாள். இதோடு சேர்த்துச் சொல்ல அவளிடம் வேடிக்கை எதுவும் இல்லை. புருவத்தைச் சுருக்கவும் தோன்றவில்லை.

கமலா தன் கையிலிருந்த கட்டைத் தடவிக்கொண்டார். "காபி குடிச்சிட்டுப் போ" என்றார்.