ஒல்லாந்து மாட்டில் நெடுந்தீவுக் குறி

போன கிழமை ஒரு மாட்டுக்காக நெடுந்தீவு வரை போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

உயிருள்ள மாடு இல்லை. துணியில் நான் கீறிய மாடு. அதுவும் ஒல்லாந்து மாடு!

நடந்தது இதுதான். ஊர்காவற்றுறையில் போட்டோ ஸ்ரூடியோ வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு புதுத் திரை தேவைப்பட்டது. படம் பிடிக்க வருகிறவர்களுக்குப் பின்னால் தொங்கவிடுகிற திரை. நான் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவன், பெயர் எழுதுகிறவன் — வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டு ஒரு பழைய கலண்டர் படத்தைத் தந்தார்.

"இதைப் பாத்து அப்பிடியே கீறுங்கோ அண்ணை. முந்தின காலத்து ஒல்லாந்துக்காரன் ஒருத்தன் இத்தாலிக்குப் போய்ப் பழகிக் கீறினது."

பார்த்தேன். தூரத்தில் நீல மலை. பக்கத்தில் இடிந்த கல் வளைவு. பின்னேர வெயில். ஐந்தாறு மாடுகள் தண்ணீரைக் கடக்கின்றன. ஒருவன் தடியோடு பின்னால் போகிறான். முன்னுக்கு நிற்பது நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு சிவலைப் பசு.

"ஒல்லாந்திலை மலை இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லையாம். எங்கட தீவு மாதிரித் தட்டைதானாம். மலையும் வெயிலும் இத்தாலியிலை எடுத்தது."

"மாடு?"

"மாடு அவன்ரை சொந்த ஊர் மாடாத்தான் இருக்கும்."

நாலு நாள் வேலை. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளில் இத்தாலி வெயில் வந்தது. நன்றாகத்தான் வந்தது. அந்தச் சிவலைப் பசு மட்டும் சரியில்லை. ஏதோ குறைந்தது. எட்ட நின்று பார்த்தேன். கிட்ட நின்று பார்த்தேன்.

குறி இல்லை!

எங்கள் தீவுகளில் மாட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு குறி. கன்றிலேயே கம்பியைக் காய்ச்சிச் சுட்டுவிடுவார்கள். குறி இல்லாத மாட்டைக் கண்டால் எங்களுக்கு மனம் ஆறாது. கை தானாகப் போனது. பின்தொடையில் ஒரு பிறை, அதன் கீழே இரண்டு கோடு. மாடு மாடாகிவிட்டது.

யாருடைய குறி என்று யோசித்தேனா? இல்லை.

மூன்று மாதம் போனது. என் தங்கச்சியின் மகள் புவனா அந்தத் திரைக்கு முன்னால் கதிரையில் இருந்து படம் எடுத்துக்கொண்டாள். கலியாணப் பேச்சுக்கு. மாப்பிள்ளை கொழும்புக் கந்தோர் ஒன்றில் கிளாக். தகப்பன் சின்னத்தம்பியர், நெடுந்தீவில் பெரிய மாட்டுப் பட்டி வைத்திருப்பவர். படம் போனது.

பத்தாம் நாள் தரகர் வந்தார். இருந்தார். தண்ணீர் குடித்தார்.

"பெட்டையைப் பிடிச்சிருக்காம்," என்றார். "மாட்டைத்தான் பிடிக்கேல்லையாம்."

"எந்த மாடு?" என்றாள் தங்கச்சி.

"படத்திலை நிக்கிற மாடு. தொடையிலை சின்னத்தம்பியற்றை குறியெல்லோ கிடக்கு! நெத்தியிலை வெள்ளையோடை அவருக்கு ஒரு பசு போன மாரியிலை துலைஞ்சு போச்சு. இடிஞ்ச வளைவைப் பாத்திட்டு, இது எங்கட ஊர் இடிஞ்ச கோட்டையடிதான் எண்டு வேறை நிக்கிறார். மாமன்காரன் எங்கையோ கண்டுதானே கீறியிருக்கிறான்... பெண் வீட்டுப் பட்டியிலையோ எண்டு கேக்கிறார்."

புவனா எழும்பிக் குசினிக்குள் போனாள்.

பயம் மனிதனை என்னவெல்லாம் செய்யவைக்கும்! மறுநாள் விடிய, ஒருவருக்கும் சொல்லாமல், புவனாவின் தகப்பன், என் மச்சானின் பட்டிக்குப் போனேன். உண்மையில் அங்கே கண்டுதான் கீறினேனோ? ஏழு மாடு. ஏழின் தொடையையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் மச்சானின் குறி. மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

தங்கச்சிதான் ஞாபகப்படுத்தினாள்.

"அண்ணை, பத்தொன்பது வயசிலை அவையின்ரை பட்டியிலை ஒரு கோடை கூலிக்கு நிண்டனீங்கள். குறி சுட்டது நீங்கள்தானே?"

ஓம். மறந்தது நான். கை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுத்து வரவில்லை. என் கை பிழையில்லாமல் எழுதிய முதல் எழுத்து அந்தப் பிறைதான்.

"அதைச் சொன்னால் முடிஞ்சுது," என்றேன்.

"ஐயோ, வேண்டாம்! மாமன் ஆட்டிஸ்ற், படம் கீறுறவர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். தங்கட பட்டியிலை கூலிக்கு நிண்ட ஆளின்ரை மருமகளை எடுப்பினமோ? கலண்டரைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. அது போதும்."

நெடுந்தீவுக்குப் போகும் லோஞ்சில் கலண்டரைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். கடல் அமைதி. அந்த ஒல்லாந்துக்காரனை நினைத்துக்கொண்டேன். தான் பார்த்த மலையைத் தட்டை நாட்டு மாட்டுக்குப் பின்னால் வைத்தான். அவனை யாரும் கேட்கவில்லை. நான் வைத்தது இரண்டு கோடும் ஒரு பிறையும். கள்ளன் வீடு என்ற பேரா, கூலிக்காரன் மருமகள் என்ற பேரா... எது பிள்ளையைக் கூடக் கெடுக்கும்?

சின்னத்தம்பியர் கண்ணாடி போட்டுக்கொண்டு கலண்டரையும் போட்டோவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். என்னை அவர் இன்னார் என்று மட்டுக்கட்டவில்லை.

"இதிலை மாட்டுக்குக் குறி இல்லை."

"ஓம் ஐயா."

"அப்ப குறியை நீர்தான் வைச்சனீர்."

"ஓம்."

"ஊரிலை எத்தினை குறி கிடக்கு. ஏன் என்ரை?"

அவ்வளவுதான். காப்பாற்றக் கொண்டுபோன கலண்டர் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

ஒரு பொய் தேடினேன். கிடைக்கவில்லை.

"உங்கட பட்டியிலை ஒரு கோடை நிண்டனான் ஐயா. கூலிக்கு. குறி சுட்டது நான்."

நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை.

"சுட்டனீர் எண்டால் சொல்லும். பிறையை எந்தப் பக்கத்தாலை தொடங்கிறது?"

"வால் பக்கத்தாலை. தலைப்பக்கத்தாலை தொடங்கினால் கண்டுக்குட்டி திரும்பிப் பாத்து உதறும். கோடு கோணிப்போகும்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த மெலிஞ்ச பொடியனோ நீர்?"

"ஓம் ஐயா."

என் கைகளையே பார்த்தார்.

"நீர் சுட்ட ஒண்டும் சீழ் பிடிக்கேல்லை."

உள்ளே பார்த்துத் தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார். எனக்குக் கதிரையைக் காட்டினார். அதுவரை நின்றுகொண்டே இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஆட்டிஸ்ற் எண்டு சொல்லிச்சினம்?"

"அதுவும்தான் ஐயா."

சிரித்துவிட்டார். "தங்கச்சியை நாள் பாக்கச் சொல்லும். மாட்டை நான் வேறை இடத்திலை தேடுறன்."

திரும்பி வந்தபோது தங்கச்சி வாசல் படலையில் நின்றாள்.

"சொல்லிப்போட்டியளோ?"

"சொன்னனான்."

"ஐயோ... என்ன சொன்னவர்?"

"நாள் பாக்கட்டாம்."

அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எண்டாலும் கூலிக்கு எண்டு சொல்லியிருக்கத் தேவையில்லை," என்றாள்.

நேற்று ஸ்ரூடியோவுக்குப் போய்க் குறியின் மேல் சிவப்பைப் பூசினேன். முதலாளி பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, இந்த மாட்டோடை இன்னும் ஆறு பெட்டையளின்ரை படம் கலியாணப் பேச்சுக்குப் போயிட்டுது. மூண்டு நெடுந்தீவுக்கு."

காலையில் முதல் லோஞ்ச் எத்தனை மணிக்கு?... தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.