மூன்றாவது குரூப் ஆள்

பாதிப் படிப்போடு தோட்டத்து ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதுவது, ஒரு கை முழுக்கை, ஒரு கை அரைக்கை வைத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி. பார்க்கிறவன் எல்லாம் மீதி எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் போவான். படிப்பை நடுவில் விட்டவர்கள் உங்களில் இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மதராஸ் ராஜதானியில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படித்து முடித்தவன் நான். அப்பா காலமானதும் படிப்பை அதோடு விட்டு மலாயாவுக்குக் கப்பலேறித் திரும்பி, கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக உட்கார்ந்தேன். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இறங்கிச் சண்டை போட, அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களையெல்லாம் முள்வேலிக்குள் அடைத்தார்கள். பால்மரக் காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்காத வாரமே இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவி மரியா, தகரம் விழுந்தால்கூடக் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அந்தச் சமயத்தில்தான் டவுன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், அடுத்த ஜனவரியில் எனக்கு வாத்தியார் வேலை தருவதாகச் சொன்னார்.

ஆனால் ஒரு நிபந்தனை, நான் பி.ஏ. எழுதப் போகிறவனாக இருக்க வேண்டும். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் தபால் வழியாக பி.ஏ. எழுதலாம். பேரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டேன். என் பழைய இரண்டு வருஷத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டு நேராகக் கடைசிப் பரீட்சைக்கு உட்கார விட்டால், அவர்கள் தரும் கடிதத்தைக் காட்டி வேலையில் சேரலாம். ஏற்காவிட்டால் மறுபடியும் அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பம், முள்வேலிக்குள்ளேயே குடித்தனம்.

பால் எத்தனை கேலன்?

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முதல் கடிதத்தில் கேள்விகள் மட்டும் இரண்டு பக்கம். சரித்திரத்தில் எந்த நூற்றாண்டு வரை படித்தாய், தர்க்க சாஸ்திரம் மொத்தம் எத்தனை மணி நேரம் நடந்தது, இப்படி. தர்க்க வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதில் நான் தூங்கிய நேரத்தைக் கழிக்க வேண்டுமா, சேர்த்துச் சொல்லலாமா என்று எனக்குக் குழப்பம்.

இரண்டு வருஷம் என்றால் இரண்டு வருஷம்தானே, இவ்வளவு குடைச்சல் எதற்கு என்று பெரிய கிராணி நாயரிடம் புலம்பினேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே காட்டினார். அங்கே மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கிறவர்கள், வாளி வாளியாகப் பாலைக் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். அவர்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார், யார் தண்ணீர் கலந்தது என்று பார்க்க. நாயர் சொன்னார்: "எத்தனை கேலன்னு யாருக்கு வேணும் லா? காய வச்சா எவ்வளவு ரப்பர் தேறும்னுதான் அவன் கேக்குறான். உன் ரெண்டு வருசத்துல தண்ணி எவ்வளவுன்னு உனக்கே தெரியாதா?"

உறை பிரிக்காமல் வர வேண்டுமாம்

எப்படியோ அந்தக் கேள்விப் பாரத்தை நிரப்பி அனுப்பினேன். என்னிடமிருந்த மதிப்பெண் தாள் செல்லாது, பரீட்சை நடத்திய ஆபீஸிலிருந்து முத்திரை போட்ட உறையில் நேராக வர வேண்டும் என்று பதில் வந்தது. மதராஸுக்கு எழுதினேன். உரிய பாரத்தில் விண்ணப்பிக்கவும் என்றார்கள். பாரம் அனுப்புங்கள் என்று எழுதினேன். பாரம் வேண்டுவோர் அதற்கான பாரத்தில் கேட்கவும் என்றார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லூரி மட்டும் ஒரு நற்சான்று அனுப்பியது. இவர் மூன்றாவது குரூப்பைச் சேர்ந்தவர், ஒழுக்கமானவர் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. அந்த ஊரில் கணக்கு, விஞ்ஞானம் எடுத்தவர்கள் முதல் குரூப். செடி கொடி, தவளை எல்லாம் இரண்டாவது. சரித்திரமும் தர்க்கமும் மூன்றாவது. பல்கலைக்கழகம் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டது. எட்டு மாதமாக என் கடிதங்களைச் சுமந்த தபால்காரர் முனியாண்டிக்கே பொறுக்கவில்லை: "ஏன் சார், மதராஸ்ல உங்களுக்கு மாமன் மச்சான் யாரும் இல்லையா? இருந்தா நேர்ல போயி சட்டையப் புடிக்கச் சொல்லுங்க."

கேட்டில் சோதனை

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தோட்டத்து கேட்டில் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள். கம்போங் குவாந்தான் பக்கத்து மலாய் இளைஞன் ஒருவன் அங்கே காவல். தினமும் என்னைத் தடவுவான், தினமும் ஒன்றும் கிடைக்காது, அவனுக்கே சலிப்பு. ஒருநாள் தலைமையாசிரியரிடம் காட்டலாமென்று அந்த நற்சான்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'மூன்றாவது குரூப்' என்ற இடத்தில் நின்றுவிட்டான், ஏதோ காட்டுக் குழு என்று எண்ணி. சார்ஜென்ட் வந்தார்.

அங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். படித்தவன் என்ற திமிர். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், குரூப்பைக் கும்புலான் என்று சொல்லி விளக்கினேன்: முதல் கும்புலானில் இருப்பவர்கள் பாலம் கட்டுவார்கள், இரண்டாவது கும்புலான் டாக்டர் வேலைக்குப் போகும், மூன்றாவது கும்புலான் ஜனங்களிடம் பேசும். சார்ஜென்ட் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்: "மத்த ரெண்டு கும்புலானும் எங்கே ஒளிஞ்சிருக்கு? அதைச் சொல்லிட்டு உட்காரு."

என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும்

ஸ்டேஷனில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். பக்கத்தில் தங்கையா என்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர். நான் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். தங்கையா நான் முடிக்கும்வரை காத்திருந்து, என் இங்கிலீஷைத் தன் இங்கிலீஷில் மறுபடி சொன்னார். நான் தர்க்கம் படித்தேன் என்றால், இவருக்கு வாதாடப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்பார். நான் பேராசிரியர் என்றால், இவருக்கு மேலே ஒரு பெரியவர் இருந்திருக்கிறார் என்பார். இதையெல்லாம் நிரூபிக்க முடியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒன்பது மாதமாக அதைத்தான் ஐயா முயற்சி செய்கிறேன் என்றேன். சரி, நானே மதராஸுக்கு எழுதுகிறேன் என்று அந்த நற்சான்றை எடுத்து வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது தங்கையா என் தோளில் கை போட்டார்: "தம்பி, இங்கிலீஷ் தெரிஞ்சா மனசுக்குள்ள வச்சுக்கணும். நீயே பேசிட்டா எனக்கு எதுக்கு வேலை?"

மரியா சொன்னது

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டைச் சோதனை போட்டு என் தர்க்கப் புத்தகத்தையும் பழைய கேள்வித்தாள்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்குத் தவிர தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. சந்தேகத்துக்கு ஆளானவர்களைக் காவலில் போட்டுப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றி விடுவார்கள் என்று லயத்தில் பேச்சு. டிசம்பர் முடிந்தால் வேலை வேறு ஆளுக்கு என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். மரியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். என் பயத்தை மறைக்கத் தெரியாமல் அவள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை: "அந்த ரெண்டு வருசம் படிக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க. புள்ளைக்கு அப்பன் வேணும், பி.ஏ. வேணாம்."

தேறிய கதை

எழுதிக் கொடுக்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் இன்ஸ்பெக்டர் ஒரு தடித்த உறையை மேஜைமேல் போட்டார். மதராஸிலிருந்து வந்திருந்தது, முத்திரையோடு. நான் ஆறு கடிதம் எழுதியும் கிடைக்காதது அவருடைய ஒரு கடிதத்துக்கு நான்கே வாரத்தில் கிடைத்திருந்தது. வருஷவாரியாக மதிப்பெண்கள், தர்க்கம் நடந்த மணிக்கணக்கு, நான் மட்டம் போட்ட நாட்கள், எல்லாம். கூடவே என் பேராசிரியர் கைப்பட ஒரு குறிப்பு: இவன் என் வகுப்பில் தூங்குவான், இவனால் யாருக்கும் ஆபத்தில்லை. இன்ஸ்பெக்டர் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார். போகலாம் என்றார்.

நான் போகவில்லை. அந்த உறையை மறுபடி முத்திரை வைத்து நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அரக்கு வைத்து அனுப்பினார். விமானத் தபாலில் பதில் வந்தது. போலீஸ் வழியாக வந்த தாள் என்பதால் அவர்களுக்கு ஒரு கேள்வியும் இல்லையாம், இரண்டு வருஷமும் முழுசாக ஏற்கப்பட்டது, தூங்கிய நேரம் உட்பட. ஜனவரியில் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கேட்டில் அதே மலாய்ப் பையன் கடைசித் தடவையாக என்னைத் தடவினான். அந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்துவிட்டு, மடித்து என் பையில் வைத்து, எங்களோடு பழகிக் கற்ற தமிழில் கேட்டான்: "நீ போலாம் சார். அந்த முதல் குரூப், ரெண்டாவது குரூப், எப்ப வரும்?"

ஆக, அன்பர்களே, நான் இரண்டு வருஷம் படித்தது கல்லூரியில், தேறியது போலீஸ் ஸ்டேஷனில்.