அன்னம்மாளின் மெழுகுதிரி

பள்ளிவாசல்துறை மெக்கானிக் சப்ரி, துருப்பிடித்த போல்ட்டோடு ஒருநாளும் மல்லுக்கட்டமாட்டார். உப்புக்காற்று இறுக்கியதை வெறும் பலத்தால் கழற்ற முடியாது என்பார். இது பேதுருவுக்குத் தெரியவில்லை. தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் புறப்படும் நேரம் தன் வேன் இயங்காததால், ஸ்டார்ட்டரைக் கழற்றப்போய், அளவு தவறிய ஸ்பானரால் போல்ட்டின் மூலைகளை எல்லாம் வழித்துவிட்டார்.

“போல்ட்டுக்கு சேவ் எடுத்தீங்களா, பேதுரு?”

கூப்பிட்டதும் வந்த சப்ரி சிரித்தபடி, சற்றுச் சிறிய சொக்கெட் குழல் ஒன்றைப் போல்ட்டின் தலையில் அடித்து இறக்கினார். பிடித்தது, ஆனால் அசையவில்லை. சொக்கெட்டை எடுத்துவிட்டுப் போல்ட்டைச் சூடாக்கினார்.

“மெழுகுதிரி ஒண்டு தாங்க. எண்ணெய் போகாத இடுக்குக்கும் உருகின மெழுகு போகும்.”

வேனில் இருந்தது ஒன்றுதான். பேதுருவின் மனைவி கத்தரினா அன்னம்மாளுக்கு நேர்ந்து வைத்திருந்த பெரிய திரி. கத்தரினா அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நேர்ச்சைத் திரி, சப்ரி நானா! அன்னம்மாளுக்குக் குறைச்சுக் குடுக்கலாமா?”

“போய்ச் சேராட்டி முழுசாக் குடுக்கவும் ஏலாதே, தங்கச்சி. அடியில கொஞ்சம் போதும்.”

கத்தரினா யோசித்து, திரியின் அடிப்பக்கத்தை நீட்டினார். மெழுகு உருகி உள்ளே இறங்கியது. சப்ரி மறுபடி சொக்கெட்டைப் பூட்டி முன்னும் பின்னும் மெல்ல அசைக்க, போல்ட் முனகிக்கொண்டே சுழன்றது.

ஸ்டார்ட்டரைச் சரிசெய்து புதுப் போல்ட் போட்டதும் வேன் உறுமியது. கத்தரினா திரியை அளந்தார்.

“ரெண்டு விரல் குறையுது.”

“அன்னம்மாள் கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றார் சப்ரி. கத்தரினா கணவர் பக்கம் கைகாட்டினார்.

“இவர்ட ஸ்பானரைக் காட்டுவன்!”